மூச்சை எண்ணும் ஒரு நிமிடம்



சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, காட்டுப்பாக்கத்து இளந்தாய் ஒருவர் தம் ஐந்து மாதக் குழந்தையை ஆசீருக்காக நம்மிடம் ஏந்தி வந்தார். உடன் வந்த பாட்டி, "காய்ச்சல் இல்லை சாமி, வெறும் மாந்தந்தான்" என்றார். உடம்பில் சூடு இல்லைதான். ஆயினும் சட்டையை விலக்கிப் பார்த்தபோது, மூச்சை உள்ளிழுக்குந்தோறும் விலாவின் கீழே குழி விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம், நிமிடத்திற்கு 64. ஆசீர் அளித்து, உடனே ஆட்டோவில் மருத்துவமனைக்கு அனுப்பினோம். நிமோனியா என்றனர். குழந்தை பிழைத்தது.

இவ்வாறு எண்ண நாம் கற்றது துயரத்தால். பல்லாண்டுகட்கு முன், இப்படியே ஆசீர் பெற்றுச் சென்ற பிள்ளையை மூன்றாம் நாள் கல்லறைக்கு எடுத்துச் சென்றோம்.

நோயுற்ற நுரையீரல் விறைத்துவிடும். ஒரு மூச்சில் கிட்டும் காற்று குறைவதால், குழந்தை விரைந்து விரைந்து மூச்சு விடும். 1980களில் பப்புவா நியூகினியில் பிராங்க் ஷான் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும், எக்ஸ்ரே இல்லாத ஊர்களில் மூச்சின் எண்ணிக்கையே வழிகாட்டும் எனக் கண்டனர். உலக சுகாதார நிறுவனமும் இம்முறையை ஏற்றது.

குழந்தை அழாமலும் பால் குடியாமலும் அமைதியாய் இருக்கையில், வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 2 மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு 60, அதன்பின் ஓராண்டு நிறையும்வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 – இவ்வெண்ணையோ அதற்கு மேலோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். சிசுவின் மூச்சு சீராக இராது. ஆதலின் மறுமுறையும் எண்ணிப் பாருங்கள்.

நெஞ்சில் குழி விழுதல், பால் குடிக்க இயலாமை, உண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பியும் விழியாமை, உதடு நீலமாதல் – இவற்றுள் ஒன்று தோன்றினும் எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். இளஞ்சிசுவின் உடல் சில்லிட்டிருப்பதும் காய்ச்சலைப் போன்றே ஆபத்தானது. 'காய்ச்சல் இல்லையே' என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

ஆசீர் கேட்டு வருவோரை நாம் திருப்பி அனுப்புவதில்லை. ஆயினும், கோயிலுக்கு வரும் நேரம் சிகிச்சைக்குரிய நேரத்தை விழுங்கிவிடலாகாது. முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சொல்லி அனுப்பினால், செபிக்க நாமே அங்கு வருவோம்.