ஓட்டத்துக்குப் பின்

விடியற்காலையில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம் தாமிரபரணிக் கரைச் சாலையில் நம் பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடுவதைக் காண்கிறோம். இராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண். சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு தாய் நம்மிடம் வந்தார். "சாமி, சேர்ந்த பிறகு பையனை என்ன செய்வாங்க? நாலு வருசத்துல திருப்பி அனுப்பிருவாங்களாமே?" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகளே.

தேறியவன் எப்பிரிவுக்குச் செல்வான் என்பதை இராணுவமே முடிவு செய்கிறது. தென்னாட்டு இளைஞர் பலர் காலாட்படையாகிய மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து நீலகிரியின் வெலிங்டனுக்குச் செல்கின்றனர். வேறு பலர் பெங்களூரில் அல்சூர் ஏரியருகே உள்ள மதராஸ் பொறியாளர் படை மையத்துக்குச் செல்கின்றனர். 1780-இல் தோன்றிய இப்படையின் வீரர்க்கு இன்றும் 'தம்பி' என்பதே செல்லப் பெயர்.

முதற்கட்டம் எல்லார்க்கும் ஏறக்குறைய ஒன்றே: அணிவகுப்பு, உடற்பயிற்சி, துப்பாக்கி, நிலப்படம், முதலுதவி. கட்டளைகள் இந்தியில். (வீட்டில் பாயைச் சுருட்டாத பிள்ளை அங்கே படுக்கையை மடிப்பான், தாய்மார் வியப்படைய வேண்டாம்.) காலாட்படையில் போர்ப்பயிற்சியே தொழில். பொறியாளர் படைத் தம்பியோ கயிற்று முடிச்சு, படகு, பாலம், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவற்றைக் கற்றபின், கொத்துவேலை, தச்சு, பற்றவைப்பு, மின்பணி முதலியவற்றுள் ஒன்றில் பயிற்சி பெறுகிறான். எத்தொழில் என்பதற்கு விருப்பம் மட்டும் போதாது, படிப்பையும் பார்ப்பார்கள். பயிற்சி முடிவில் கிறிஸ்தவப் பிள்ளை திருவிவிலியத்தின் முன் உறுதிமொழி எடுக்கிறான்.

இரண்டாம் கேள்விக்கு நாம் பூசி மெழுகவில்லை. 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி, பயிற்சிக் காலமும் சேர்த்து நான்கே ஆண்டுகள். நூற்றுக்கு 25 பேர் வரையே படையில் நிலைபெறுவர். மற்றவர்க்கு ஓய்வூதியம் இல்லை. ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாய் உண்டு, அதிலும் பாதி அவர்கள் ஊதியத்தில் பிடித்தது. அத்தொகை ஒரு தங்கையின் திருமணத்தோடு தீர்ந்துவிடும். கைத்தொழில் அப்படித் தீராது.

ஆகவே சேருமுன் படிப்பை முடிப்பதே முக்கியம். தொழில்நுட்பப் பிரிவுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலத்துடன் பன்னிரண்டாம் வகுப்போ, பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. சான்றிதழோ வேண்டும். பதினேழரை வயதுக்குமுன் எப்படியும் சேர முடியாது.

அந்தப் பையன் பிளஸ் டூ வகுப்புக்கே போகாமல் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று பேச்சின் முடிவில்தான் அம்மையார் சொன்னார். ஓட்டத்துக்குக் காலையில் ஒரு மணி நேரம் போதும், ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருக்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறோம்.