அடுப்படியில் ஒரு பெல்லட் ஃபேக்டரி!



பீச்சுல பலூன் சுட்டிருக்கீங்களா? பத்துல மூணு உடைஞ்சிருக்கும். மிச்சம் ஏழுக்கும் ‘துப்பாக்கியே கோணல்ப்பா’னு பழியைத் தூக்கி கன் மேல போட்டுட்டு, சுண்டல் வாங்கப் போயிருப்பீங்க. அந்தத் துப்பாக்கிக்குள்ள போற துக்கடா ஈயத் துண்டுக்குப் பேர்தான் பெல்லட். இந்த வாரம் நம்ம ஹீரோ அவர்தான். வில்லனும் அவரேதான்!

உங்க செட்டுல யாராவது ஒருத்தர்கிட்ட ஏர்கன் இருந்தா, இந்த டயலாக்கைக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க. ‘டப்பா டப்பாவா பெல்லட் வாங்கிக் கட்டுப்படியாகலை மச்சி. வெறும் ஈயம்தானே? காயலான் கடையில வாங்கி, வீட்லயே உருக்கி வார்த்துட்டா என்ன?’

கேட்கும்போது செம ஐடியா மாதிரிதான் இருக்கு. ஆனா, தலையாட்டுறதுக்கு முன்னாடி மூணு கணக்கு போட்டுப் பார்த்துடுவோம். பர்ஸ் கணக்கு, குறி கணக்கு, ரத்தக் கணக்கு.

கணக்கு 1: பர்ஸ்

சாதாரண ஏர்கன் பெல்லட்டோட விட்டம் 0.177 அங்குலம். அதாவது 4.5 மில்லிமீட்டர். எடை சுமார் 0.53 கிராம். அப்படின்னா ஒரு கிலோ ஈயத்துல 1,800 பெல்லட்டுக்கு மேல தேறும். சுட்டதைப் பொறுக்கி மறுபடியும் உருக்கிக்கலாம். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேணும். ஈயத்துக்கு 327.5 டிகிரியே போதும். வீட்டு கேஸ் அடுப்புலயே வேலை முடிஞ்சிடும்!

இந்த ஆசை ஒண்ணும் புதுசு இல்லை. 18-ம் நூற்றாண்டோட கடைசியில ஆஸ்திரிய ராணுவம் ‘ஜிரான்டோனி’னு ஒரு ஏர் ரைஃபிள் வெச்சிருந்தது. வெடிமருந்தே இல்லாம, அடைச்சு வெச்ச காத்தோட சக்தியில ஈய உருண்டையைத் துப்புற துப்பாக்கி. அந்த உருண்டை எல்லாமே அச்சுல வார்த்ததுதான். அதே காலத்துல, 1782-ல, இங்கிலாந்தோட பிரிஸ்டல் நகரத்துல வில்லியம் வாட்ஸ்னு ஒருத்தர், உருக்கின ஈயத்தைச் சல்லடை வழியா உயரத்துல இருந்து தண்ணியில விழவிட்டு, உருண்டை ரவை தயாரிக்கிற முறைக்கு பேட்டன்ட் வாங்கினார். துளி காத்துல விழும்போதே பரப்பு இழுவிசையால தானா உருண்டையாகிடும். தொழில்ல அவர் ஒரு பிளம்பர். ஈயத்துக்கு லத்தீன்ல ‘பிளம்பம்’. ‘பிளம்பர்’ங்கிற வார்த்தையும், கெமிஸ்ட்ரி புக்ல நீங்க பார்த்த ‘பிபி’ங்கிற குறியீடும் அங்கேயிருந்து வந்ததுதான்!

இப்ப வீட்ல எப்படி வார்க்கிறாங்க? ஒரு இரும்புச் சட்டி, நீளக் கைப்பிடி வெச்ச கரண்டி, ரெண்டு பாதியாத் திறக்கிற அலுமினிய மோல்டு. ஈயம் உருகினதும் துளி மெழுகு போட்டுக் கலக்கினா, அழுக்கு எல்லாம் கசடா மேல மிதக்கும். அதை வழிச்சுட்டு, சூடாக்கின மோல்டுக்குள்ள ஊத்தணும். மோல்டு ஆறிப்போயிருந்தா பெல்லட் சுருக்கம் விழுந்து வரும். ஈயம் இறுகினதும் மேல நிக்கிற வாலை வெட்டி, மோல்டைத் திறந்து தட்டினா... டொக்! ஒரு பெல்லட் ரெடி. மெக்கானிக்கல் மக்களே, ஃபவுண்டரி லேப்ல நீங்க பார்த்த அதே சமாச்சாரம்தான்.

ஸோ, பர்ஸ் கணக்குல ஐடியா பாஸ்!

கணக்கு 2: குறி

ஒரு பெல்லட்டை உத்துப் பாருங்க. நம்ம ஊர் உடுக்கை மாதிரியே இருக்கும். முன்னாடி தலை, நடுவுல ஒல்லி இடுப்பு, பின்னாடி உள்ளே குழிவான பாவாடை. காத்து பின்னாலயிருந்து தள்ளும்போது அந்தப் பாவாடை விரிஞ்சு, குழலுக்குள்ள இருக்கிற சுருள் வரிகளைக் கவ்விப் பிடிக்கும். அதனால பெல்லட் சுழன்றுகிட்டே போகும், நேராப் போகும்.

இது நடக்கணும்னா ஈயம் சுத்தமா, மெத்துனு இருக்கணும். காயலான் கடையில கிடைக்கிற கார் சக்கர பேலன்ஸிங் ஈயத்துல ஆன்டிமனி கலந்திருக்கும். கெட்டியான ஈயம். பாவாடை சரியா விரியாது.

அடுத்தது எடை. கொஞ்சம் பிளஸ் டூ ஃபிசிக்ஸ் வெச்சுக்கலாமா? பெல்லட் விநாடிக்கு 200 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சுக்குங்க. 10 மீட்டர் தாண்ட 0.05 விநாடி. அந்த நேரத்துல புவியீர்ப்பு அதைச் சுமார் 12 மில்லிமீட்டர் கீழே இழுத்துடும். கன் ஒவ்வொரு தடவையும் ஒரே சக்தியைத்தான் தருதுன்னா, எடை 3 சதவிகிதம் கூடின பெல்லட் கொஞ்சம் மெதுவாப் போகும். இன்னும் 0.36 மில்லிமீட்டர் கீழே விழும்.

‘ப்பூ, இவ்வளவுதானா?’ங்கிறீங்களா? 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில பத்து பாயின்ட் தர்ற நடுப்புள்ளியோட விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான் பாஸ்! 2008 பீஜிங் ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ரா தங்கம் தட்டினதும், 2012 லண்டன்ல சென்னையில பிறந்த ககன் நரங் வெண்கலம் வாங்கினதும் இந்தப் புள்ளியை நம்பித்தான். அந்த லெவல் ஷூட்டர்கள் 4.49, 4.50 மில்லிமீட்டர்னு தலை அளவு பார்த்து டப்பா டப்பாவா சோதிச்சு வாங்குறாங்க. அந்த பெல்லட்டெல்லாம் வார்த்தது இல்லை. ஈயக் கம்பியைத் துண்டு போட்டு, டைக்குள்ள வெச்சு அழுத்தி எடுத்தது. வார்ப்புல வர்ற காத்துக்குமிழி, சுருக்கம் எதுவும் அதுல கிடையாது.

பலூனுக்கு ஓகே. ஆனா டார்கெட்டுக்குக் கையால வார்த்தது கடை பெல்லட் பக்கத்துல நிக்கிறதே கஷ்டம். குறி கணக்குல ஐடியா ஜஸ்ட் பாஸ்... அதுவும் கிரேஸ் மார்க் போட்டு!

கணக்கு 3: ரத்தம்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். ‘எங்க பாட்டி ஈயச் சொம்புலதானே ரசம் வெச்சாங்க? எங்களுக்கு என்ன ஆச்சு?’னு யாராவது கேட்பாங்க. பாட்டி கையில இருக்கிறது வெள்ளீயம். ஏர்கன்ல இருக்கிறது காரீயம். தமிழ்ல ரெண்டையும் ‘ஈயம்’னே சொல்லிடறதால வந்த வினை. ரெண்டும் வேற வேற தனிமம். பாட்டி ஜென்டில்வுமன். காரீயம் அப்படி இல்லை.

நம்ம உடம்புக்குக் காரீயத்தை அடையாளம் தெரியாது. கால்சியம்னு நினைச்சு எலும்புக்குள்ள உட்கார வெச்சுடும். ரத்தத்துல இருக்கிற ஈயம் பாதியாக் குறைய ஒரு மாசம் ஆகும். எலும்புல போய் உட்கார்ந்தது குறையப் பல வருஷம் ஆகும். தலைவலி, வயித்துவலி, மலச்சிக்கல், எரிச்சல், அசதினு ஆரம்பிக்கும். செமஸ்டர் டென்ஷன்னு நினைச்சு விட்டுடுவீங்க. குழந்தைகளுக்கு அது நேரா மூளையைத் தாக்கும். போன ஐ.க்யூ. திரும்பி வராது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுனு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வயித்துக்குள்ள போற ஈயத்தைப் பெரியவங்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக் குழந்தைகள் உடம்பு உறிஞ்சிக்கும்.

அளவு எவ்வளவு சின்னதுனு பாருங்க. குழந்தையோட ரத்தத்துல டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்கணும்னு அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல அறிவிச்சது. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு உடம்புல ரத்தம் சுமார் 800 மில்லிலிட்டர். கணக்குப் போட்டா, மொத்த ரத்தத்துலயும் சேர்த்து 28 மைக்ரோகிராம். ஒரே ஒரு பெல்லட்டுல இருக்கிற ஈயம் 5,30,000 மைக்ரோகிராம்!

‘நான் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத்தானே உருக்குவேன்’னு சொல்றீங்களா? உருக்கும்போது வர்ற புகை பாதிப் பிரச்னைதான். அளவா சூடு பண்ணினா ஆவி கம்மி. ஆனா கேஸ் அடுப்புல தெர்மாமீட்டர் இல்லாம உருக்குறப்போ சூடு எங்கே போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? மீதிப் பிரச்னை அந்தக் கசடு. மேல படிஞ்ச ஈய ஆக்ஸைடை வழிக்கும்போது மாவு மாதிரி பறக்கும். மேடையில படியும், சட்டையில ஒட்டும், தரையில இறங்கும். அந்தத் தரையிலதான் அக்கா குழந்தை தவழும். தவழ்ந்த கை நேரா வாய்க்குப் போகும். வார்த்தவர் நீங்க, பில் கட்டுறது அது!

பயமுறுத்துறதுக்காகச் சொல்லலை. செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் பக்கத்துல தியாரோய்னு ஒரு ஊர். பழைய கார் பேட்டரிகளை உடைச்சு ஈயம் எடுத்த மண்ணை, மிச்ச ஈயத்துக்காக மக்கள் வீட்டுக்கே அள்ளிட்டுப் போய்ச் சலிச்சாங்க. 2007 நவம்பர்ல இருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப்போனாங்க. அளவு வேற, சரி. ஆனா, வீட்டுக்குள்ள வந்த ஈயத் தூசிங்கிற வழி ஒண்ணுதான். அதனால பேட்டரி ஈயம்னா, சும்மா கொடுத்தாலும் தொடாதீங்க.

இன்னொண்ணு. உருகின ஈயத்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போனாலும் அது ஆவியாகி 1,700 மடங்கு பெருகும். சட்டியில இருக்கிற ஈயம் மொத்தமும் முகத்துல தெறிக்கும். பக்கத்து பர்னர்ல சாம்பார் கொதிக்கிற இடத்துல இந்த ரிஸ்க் தேவையா?

ரத்தக் கணக்குல ஐடியா அவுட். அரியர் எழுதவும் சான்ஸ் இல்லை!

அப்போ என்னதான் பண்றது?

கன் வெச்சிருக்கிற நண்பருக்கு இதைச் சொல்லுங்க. பெல்லட்டைக் கடையிலயே வாங்கட்டும். கணக்குப் பார்த்து நூறுக்குப் பதிலா அம்பது சுடட்டும், ஒவ்வொண்ணையும் நின்னு நிதானமா சுடட்டும். குறி தானா தேறும். லோடு பண்றப்போ பெல்லட்டை உதட்டுல கவ்விக்கிற ஸ்டைலை இன்னிக்கே விட்டுடணும். சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் டிபன். சுட்ட பெல்லட் சிதறாம இருக்க டார்கெட்டுக்குப் பின்னாடி ஒரு பெட்டி வைக்கலாம். சேர்ந்ததை மூடி போட்ட டப்பாவுல, குழந்தைங்க கைக்கு எட்டாம வெச்சு, மொத்தமா பழைய உலோகக் கடையில கொடுத்துடலாம்.

வார்த்தே தீருவேன்னு கை துறுதுறுங்குதா? வார்ப்பு நல்ல கலைதான், தப்பே இல்லை. காலேஜ் ஃபவுண்டரி லேப்ல புரொஃபஸர்கிட்ட பர்மிஷன் கேட்டு அலுமினியத்துல ஒரு கீ செயின் வார்த்துப் பாருங்க. அதே சூடு, அதே த்ரில், கூடவே புகை போக்கியும் கையுறையும் இருக்கும்.

எலெக்ட்ரானிக்ஸ் மக்களே, ‘நமக்கென்ன, நாம கன் பக்கமே போறதில்லையே’னு சிரிக்காதீங்க. லேப்ல நீங்க உருக்குற பழைய டைப் சால்டர் கம்பியிலயும் 40 சதவிகிதம் வரை காரீயம் இருக்கு. அதைத் தொட்ட கையோட அப்படியே கேன்டீன் சமோசாவை எடுக்கிறது யாராம்?

போங்க, போய்க் கை கழுவிட்டு வாங்க. சமோசா எங்கேயும் ஓடிடாது!