பொத்தானை அழுத்தும் கை யாருடையது?

கிளியனூர் வயல்களிலும் மரக்காணம் உப்பளங்களிலும் நீர் இறைக்கும் மின்மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால், ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள ஓவர்லோடு ரிலே அதனை நிறுத்திவிடுகிறது. உள்ளிருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி வளைவதால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. தகடு ஆறினாலும் மோட்டார் தானாக ஓடாது. ஒருவர் சென்று பொத்தானை அழுத்த வேண்டும். தானாக மீளும்படி அமைத்தால், பழுது பார்ப்பவரின் கை உள்ளே இருக்கும்போதே மோட்டார் சுழலக்கூடும். காரணத்தை ஒரு மனிதர் ஆராய்ந்த பின்பே இயந்திரம் இயங்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

அந்த மனிதர் யார் என்பதில்தான் சாதி நுழைகிறது. நிலமும் குத்தகையும் ஒரு தரப்பிடமும் உழைப்பு மறுதரப்பிடமும் தங்கிவிட்ட ஊர்களில், ஆராயும் பயிற்சி பெற்றவர் வருவதில்லை. "போய் அமுக்கிவிட்டு வா" என்று தலித் கூலித் தொழிலாளியே அனுப்பப்படுகிறார், ஈரத்தில், வெறுங்காலோடு.

இங்கே ஓர் உண்மையை அறிந்துகொள்வது அவசியம். இந்த ரிலே காப்பது மோட்டாரை, மனிதரை அன்று. 10 ஆம்பியருக்கு அமைத்த கருவி, 10,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். மனித உயிரைக் காக்கும் மின்கசிவுத் தடுப்பானோ 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும் களத்தில் முதற்கருவி மட்டும் இருப்பது, மோட்டாரின் விலையை உயிரின் விலைக்கு மேலாக வைப்பதே ஆகும்.

மரணம் நேர்ந்தபின் காவல்துறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194ஆம் பிரிவின்கீழ் சந்தேக மரணமெனப் பதிந்து, "கவனக்குறைவு" என முடித்துவிட இடமுண்டு. அங்கே நாம் நிறுத்திவிடக் கூடாது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161 மின்விபத்தை மின் ஆய்வாளருக்கு அறிவிக்கக் கோருகிறது. விபத்தின் காரணத்தையும், பாதுகாப்பு விதிகள் எந்த அளவு பின்பற்றப்பட்டன என்பதையும் விசாரிக்க அரசு உத்தரவிடலாம். அந்த அறிக்கையைக் கேட்டுப் பெறுவதே வழக்கின் முதற்படி. உரிய பாதுகாப்பின்றி அனுப்பியவர்மீது பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவின்கீழ் வழக்குப் பதியவும் வலியுறுத்த வேண்டும்.

இழப்பீட்டில் சட்டம் இன்னும் தெளிவாக உள்ளது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. விபத்து மரணத்தில் முடிந்தால், தொழிலாளி உத்தரவை மீறினார் என்று சொல்லியும் முதலாளி தப்ப இயலாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கொள்கை தொடர்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று: ஒவ்வொரு மோட்டாருக்கும் மின்கசிவுத் தடுப்பான், காரணம் கண்டறியாமல் பொத்தானை அழுத்தச் சொல்லத் தடை, மறுக்கும் தொழிலாளிக்குக் கூலிப் பாதுகாப்பு. மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் ஏட்டளவில் நின்றுவிடும்.