கழித்தல் கணக்கும் செயலாய்வும்

ஆசிரியர் தம் வகுப்பில் கண்ட சிக்கலுக்குத் தாமே காரணம் தேடி, கற்பித்தலில் ஒரு மாற்றம் செய்து, அதன் பலனைத் தாமே அளந்து பார்ப்பது செயலாய்வு. குர்ட் லெவின் 1946-இல் இந்த முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் ஸ்டீபன் கோரி 1953-இல் வெளியிட்ட நூல் அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டித் தொடங்கப்பட்ட மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்குச் செயலாய்வும் ஒரு பணியாக வகுக்கப்பட்டது.

சிக்கல் சிறியதாக இருக்க வேண்டும். 'மாணவர் கணக்கில் பின்தங்கியுள்ளனர்' என்பது புலம்பல். ஆய்வுக்கான கேள்வி ஆகாது. மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவதுண்டு. சிவப்பு மையில் சுழித்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. 'எப்படிப் போட்டாய்?' என்று கேட்டால் பிள்ளையின் விதி வெளிப்படும்: 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது பிள்ளை. கவனக்குறைவாகத் தெரிந்தது, தவறாகப் பிடித்துக்கொண்ட விதி.

அடுத்தது மாற்றம். அதே வகைக் கணக்குகள் பத்தைக் கொடுத்து, இந்தப் பிழையைச் செய்வோர் எத்தனை பேர் என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு வாரம் குச்சிக் கட்டுகள். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் 52. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும்; இப்போது ஏழை எடுக்கலாம். முடிவில் அதே வகையில் வேறு பத்துக் கணக்குகள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் பொருள் விரிசல் விட்டால், மண் கலவையையும் சூட்டையும் ஒருசேர மாற்றுகிறவருக்குக் குறை எதிலிருந்தது என்று தெரியாமலே போகும். குச்சிக் கட்டோடு மாலை வகுப்பும் சேர்ந்தால் வகுப்பறையிலும் அதே கதைதான்.

குச்சியால் சரியாகச் செய்யும் பிள்ளை தாளில் மறுபடியும் 35 எழுதக்கூடும். அதை ஆய்வின் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை. கட்டைப் பிரித்ததை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்பது அடுத்த சுற்றின் கேள்வி. திட்டமிடல், செய்தல், கவனித்தல், சிந்தித்தல் என்று செயலாய்வு சுழல்வது இப்படித்தான்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து மதிப்பிடுவதால், தொடக்கநிலை ஆசிரியர் கையில் தரவு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நிலை தெரிவது வேறு, காரணம் தெரிவது வேறு. காரணத்துக்குப் பிள்ளையின் நோட்டையும் வாய்ச்சொல்லையும் நாட வேண்டும்.

முப்பது பிள்ளைகளிடம் கண்டதை மாநிலத்துக்கே பொது விதியாக்க முடியாது. இரண்டு வாரத்தில் எத்தனை நாள் யார் வரவில்லை என்பதையும் சேர்த்தே முடிவைப் படிக்க வேண்டும். அறிக்கையில் பிள்ளைகளின் பெயர் வரக்கூடாது. அட்டை போட்டு அலமாரியில் அடுக்கும் தடித்த அறிக்கையைவிட, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் படிக்கத்தக்க இரண்டு பக்கம் பயன்படும்: பிழை எது, மாற்றியது எது, முன்னும் பின்னும் எத்தனை பேர், இன்னும் தீராதது எது. பக்கத்து ஊர் ஆசிரியர் தம் வகுப்பில் செய்து பார்க்க அவ்வளவு போதும்.