நடந்து போகிற வழி



எவரெஸ்ட் என்று சொன்னவுடன் நம் பிள்ளைகள் டென்சிங், ஹில்லாரி என்று ஒப்புவித்து விடுவார்கள். தேதி கேட்டால் 1953 மே 29 என்பார்கள். நம்மவர்கள் இருவர் அதே சிகரத்தில் ஏறிய தேதியைக் கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். 1997 மே 23. முதலில் மகேந்திரன், சற்று நேரத்தில் மோகனதாஸ். மலேசியாவிலிருந்து போய் அந்த உச்சியில் முதன்முதலில் கால் வைத்தவர்கள் நம் சமுதாயத்துப் பிள்ளைகள்தாம். இதை வீட்டில் சொல்லி வைப்பது பெற்றோர் கடமை.

ஆனால் இந்த முறை நான் எழுத வந்தது சிகரத்தைப் பற்றி அல்ல. அதன் காலடியைப் பற்றி. சிகரம் ஏற லட்சக்கணக்கில் வெள்ளி வேண்டும், பல வருடப் பயிற்சி வேண்டும். காலடி முகாமுக்கு அப்படியில்லை. கயிறும் கோடரியும் வேண்டாம். நல்ல கால்களும் பொறுமையும் இருந்தால் போதும். 5,364 மீட்டர் உயரத்தில் பனிப்பாறைக்கு மேல் இருக்கிறது அந்த முகாம். அங்கே போக இரண்டு வழிகள். ஒன்று பறந்து போகிற வழி. மற்றது நடந்து போகிற வழி.

பறந்து போகிறவர்கள் நேப்பாளத் தலைநகர் காட்மாண்டிலிருந்து சிறு விமானத்தில் ஏறி, அரை மணி நேரத்தில் லுக்லா என்னும் மலைக்கிராமத்தில் இறங்கிவிடுவார்கள். ஓடுபாதை சுமார் 527 மீட்டர்தான். அதுவும் சரிவாக இருக்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். பெரும்பாலோர் இப்படித்தான் போகிறார்கள்.

நடந்து போகிறவர்கள் ஜிரி என்னும் சிற்றூரிலிருந்து புறப்படுவார்கள். காட்மாண்டிலிருந்து அங்கே சுமார் 190 கிலோமீட்டர், பஸ் போகும். 1980-களில் சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியோடு அந்தச் சாலை போடப்பட்டது. சாலைகளே இல்லாத காலத்தில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்தே நடைதான். 1953-இல் டென்சிங், ஹில்லாரி குழுவும் அப்படித்தான் இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்து போனது. அந்த நடை வீண் போகவில்லை. மலை ஏறத் தொடங்கும் முன்பே கால்களும் நுரையீரலும் பழகியிருந்தன.

ஜிரியிலிருந்து நாம்சே பஸார் என்னும் ஊர் வரை ஏழிலிருந்து ஒன்பது நாள் நடை. அங்கிருந்து முகாமுக்கு, ஓய்வு நாட்களையும் சேர்த்து, இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். போகவும் வரவும் மூன்று வாரம் ஒதுக்க வேண்டும். முதல் வாரத்துப் பாதைதான் கடினம் என்று போனவர்கள் சொல்கிறார்கள். காரணம் என்ன? ஆறுகள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகின்றன. பாதையோ மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ஆகவே ஒவ்வொரு மலையையும் ஏறி, இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி அடுத்த மலையை ஏற வேண்டும். காலையில் ஏறிய உயரத்தை மாலையில் இழந்துவிட்டு, மறுநாள் மீண்டும் சம்பாதிக்க வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். கிஞ்சா என்ற ஊர் 1,630 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து லம்ஜுரா கணவாய் 3,530 மீட்டர். ஏற வேண்டியது 1,900 மீட்டர். ஈப்போவாசிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி வருகிறார்களே கிளேடாங் மலை, அதன் உயரம் சுமார் 800 மீட்டர். இரண்டு கிளேடாங்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த ஏற்றத்துக்குப் போதாது! நம் பேராக்கின் கொர்பு மலையே 2,183 மீட்டர்தான். விவரம் தெரிந்தவர்கள் வழியில் சேத்தே என்ற இடத்தில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளாகப் பிரித்து ஏறுவார்கள்.

கணவாயைத் தாண்டினால் ஜுன்பேசி. பச்சை வயல்களும் கல்வீடுகளும் உள்ள அழகான ஷெர்ப்பா ஊர். பிறகு இறங்கி இறங்கி ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறோம். அதன் பெயர் தூத் கோசி. தூத் என்றால் பால். பாலாறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பனிப்பாறை அரைத்த கல்மாவு கலந்து தண்ணீர் வெளுத்து ஓடுவதால் அந்தப் பெயர். மழைக் காலத்தில் தாழ்வான காட்டுப் பாதைகளில் அட்டை கடிக்கும். அட்டையைப் பற்றி வெளிக்காட்டில் வேலை பார்த்த நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை! மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும்தான் நடப்பதற்கு நல்ல காலம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விமானத்தில் அரை மணியில் போகக்கூடிய இடத்துக்கு எதற்காக ஒரு வாரம் நடக்க வேண்டும்?

உயரம் போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. முகாம் இருக்கும் உயரத்தில், ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். உடம்பு இதற்குப் பழக நாட்கள் வேண்டும். அவசரப்பட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். அப்போதும் பிடிவாதமாக மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், குடித்தவர்போல் நடை தள்ளாடினாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனபின், இன்று படுக்கும் இடத்துக்கும் நாளை படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதும் மருத்துவர்கள் வகுத்த விதி. ஜிரியிலிருந்து நடந்து வந்தவரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனாலும் அவருடைய உடம்பு ஒரு வாரப் பாடத்தை முன்பே படித்துவிட்டு வந்திருக்கிறது.

இளைஞர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம் என்பேன். பந்து விளையாடும் கால், பாரம் தூக்கும் தோள் என்று நம்பி விரைவாக ஏறிவிடுவார்கள். மலைநோய் பலசாலி என்று பார்ப்பதில்லை. பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொன்னது அங்கே மருத்துவ விதியாகிவிடுகிறது.

இந்தப் பாதையில் நடப்பவர்களில் சுற்றுலாப் பயணிகள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் சுமைகாரர்கள். டோக்கோ என்னும் மூங்கில் கூடையை முதுகில் வைத்து, நாம்லோ என்னும் பட்டையை நெற்றியில் மாட்டி, பாரத்தை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். கையில் தோக்மா என்னும் குட்டைத் தடி. களைத்தால் கூடையை இறக்குவதில்லை. தடியைப் பின்னால் முட்டுக் கொடுத்து நின்றபடியே மூச்சு வாங்குவார்கள். அரிசி, மண்ணெண்ணெய், பலகை, தகரம் எல்லாம் இப்படித்தான் மலைக்குப் போயின. காண்டாக் கம்பில் இரண்டு பால்வாளியைத் தொங்கவிட்டு, சரிவில் வழுக்காமல் ஸ்டோருக்கு வந்து சேர்ந்த நம் தாய்மாரை அறிந்தவர்களுக்கு அந்த நடையின் வேதனை புரியும்.

1953-ஆம் ஆண்டுக் குழுவின் மூட்டைகளைச் சுமக்கச் சுமார் 350 பேர் தேவைப்பட்டார்கள். சிகரம் ஏறிய இருவர் பெயரை உலகம் அறியும். அந்த 350 பேரை யார் அறிவார்? டென்சிங்கே 1935-இல் ஒரு வெள்ளையர் குழுவில் சுமைகாரராகத் தொடங்கியவர்தான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சுமைகாரர்களுக்கு மலை பழக்கம், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. பலர் தாழ்வான கிராமங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள். அவர்களையும் மலைநோய் தாக்கும். நோயில் விழுந்தவரைக் கூலி கொடுத்துத் தனியே கீழே அனுப்பிவிடும் கொடுமையும் நடந்திருக்கிறது. 1997-இல் இளம் சுமைகாரர் ஒருவர் அப்படி இறந்த பிறகுதான், அவர்களின் பாதுகாப்புக்கென்று ஓர் அனைத்துலகக் குழு தொடங்கப்பட்டது. குளிருக்கு உடை, தங்க இடம், நோய் வந்தால் பயணிக்குக் கிடைக்கும் அதே சிகிச்சை. அந்தக் குழு கேட்டது இவ்வளவுதான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்காகவும் பிரசவச் சம்பளத்துக்காகவும் குரல் கொடுத்த நமக்கு இது புதிய கதையா?

லுக்லா விமானத்தளத்தின் கதையையும் கேளுங்கள். ஹில்லாரி புகழ் பெற்றபின் மலைமக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். 1961-இல் கும்ஜுங் என்ற ஊரில் பள்ளி திறக்கப்பட்டது. 1966-இல் பக்கத்து ஊரான குண்டேயில் மருத்துவமனை வந்தது. இப்படிப்பட்ட பணிகளுக்குச் சாமான் கொண்டுவரத்தான் 1964-இல் லுக்லாவில் ஓடுபாதை அமைத்தார்கள். கிராமத்தார் கைகோத்து ஆடி, மண்ணை மிதித்து இறுக்கினார்கள் என்பார்கள். கூலிவேலை செய்த சமுதாயம் முதலில் கேட்டது பள்ளிக்கூடம் என்று படித்தபோது, லயத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய நம் தமிழ்ப்பள்ளிகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

பள்ளிக்காக வந்த ஓடுபாதை பிறகு பயணிகளின் வாசலாகிவிட்டது. ஜிரிப் பாதையின் ஓரத்தில் டீயும் படுக்கையும் கொடுத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு வியாபாரம் குறைந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கப்பட்டபின், பழைய சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு என்ன நேர்ந்ததோ அதேதான். இப்போது ஜீப் ஓடும் மண்சாலைகள் அந்த மலைகளுக்குள்ளும் நீண்டு, பழைய நடைபாதையை அங்கங்கே விழுங்கி வருகின்றன. இதைக் குறை சொல்ல முடியுமா? நோயாளியைத் தொட்டிலில் வைத்துத் தூக்கிச் சென்ற தாய்க்குச் சாலையின் அருமை தெரியும். ஆனாலும் இன்று ஜிரியிலிருந்து நடப்பவர் கொடுக்கும் உணவுக்காசும் அறைக்காசும் அந்தக் குடும்பங்களின் கைக்கே நேராகப் போய்ச் சேருகிறது.

போக விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. முதலில் ஆறு மாதம் முதுகில் பையோடு கிளேடாங் ஏறிப் பழகுங்கள். பிறகு அனுமதி பெற்று, வழிகாட்டியோடு கொர்பு போய் வாருங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சுமைகாரரை அமர்த்தினால் அவருடைய சட்டையும் செருப்பும் குளிருக்குத் தாங்குமா என்று நீங்களே பாருங்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நம் ஊர்த் தொழிற்சாலை வாசலில், அடுக்குமாடி வீட்டு வாசலில், காவல் உடையில் நிற்கிறாரே நேப்பாளத் தம்பி, அவர் இப்படிப்பட்ட மலைகளிலிருந்து வந்தவராக இருக்கலாம். கடன் வாங்கி ஏஜண்டுக்குப் பணம் கட்டி வந்தவர்கள் அவர்களில் பலர். கங்காணி கையில் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் தாத்தாவின் கதைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அடுத்த முறை பார்க்கும்போது, "தம்பி, உங்கள் ஊர் எது?" என்று கேளுங்கள். எத்தனை மைல் என்று சொல்லமாட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்றுதான் சொல்வார். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் எழுதியதைவிட நல்ல பாடம் கிடைக்கும்.