திருப்புளிக்கு வேலையில்லாத ஹெட்போன்

2025 பெப்ரவரியில் ஒரு நாள், மைனஸ் பதினெட்டுக் குளிரில், கென்னடி சப்வே வாசலில் என்னுடைய ஹெட்போன் உடைந்தது. கீழே விழவில்லை. யாரும் மிதிக்கவில்லை. தொப்பியைக் கழற்றுவதற்காக அதைக் கழுத்துக்கு இறக்கினேன். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு பக்கக் கிண்ணம் மெல்லிய வயரில் தொங்கிக்கொண்டு நின்றது.

வாங்கிச் சரியாக மூன்று வருடம். விலை 450 டொலர், 13 வீத எச்எஸ்ரியோடு 508 டொலர் 50 சதம். வயர்லெஸ், சத்தம் தடுக்கும் வசதி, எல்லாம் இருந்தது. எந்தக் கொம்பனி என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு கொம்பனியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வாங்கும்போது நான் என்ன கேட்காமல் விட்டேன் என்பதுதான் இந்தக் கதை.

உத்தரவாதம் ஒரு வருடத்தோடு முடிந்துவிட்டது. பிணைச்சலை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று எழுதிக் கேட்டேன். முடியாது, ஆனால் புதிதாக ஒன்று வாங்கினால் விலையில் கொஞ்சம் குறைக்கிறோம் என்று பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அதை மாமாவிடம் கொண்டுபோனேன். மாமா 1996 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர். எங்கள் வீட்டு மிக்ஸி, வாக்கும் கிளீனர், அம்மாவின் பழைய கசெற் பிளேயர் எல்லாம் அவர் கைபட்டு உயிர் தப்பியவை. ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் திருப்புளி ஆயத்தமாக இருந்தது.

"தம்பி, இதுக்கு ஸ்குரூ எங்க?"

"இல்லை மாமா. ஒட்டியிருக்கிறாங்கள். கழட்டினா உடையும்."

"பற்றரி?"

"அதுவும் உள்ளுக்க ஒட்டினதுதான்."

திருப்புளியை மேசையில் வைத்துவிட்டார். "அப்ப நீ இதை வாங்கேல்ல. வாடகைக்கு எடுத்திருக்கிறாய்."

நான் எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் படித்தவன். பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்களில் சில பேருக்கு இந்த விஷயம் தெரியாமல் இருக்கலாம். 1990 இல் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் உள்ளே வரவில்லை. சனம் ரேடியோ கேட்பதை விடவில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து பிபிசி தமிழோசை கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது மாறி மாறி ஓடும் மின்சாரம், ரேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இடையில் டயோட் வைக்க வேண்டும். நான் முதல் வருட வகுப்பில் படித்ததை மாமா முற்றத்தில் நின்று படித்தவர். பற்றரி இல்லாத ஊரில் ரேடியோவைப் பாட வைத்த ஆளுக்கு, நல்ல ஸ்பீக்கரும் நல்ல சேர்க்கிட்டும் உள்ள ஒரு சாமானை ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காக எறிவது விளங்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் விளங்கவில்லை.

சத்தத்தைப் பற்றி முதலில் கதைப்போம்

"ஐந்நூறு டொலர் ஹெட்போனில் சத்தம் வேற லெவல்" என்று உங்கள் சிநேகிதர் சொல்லுவார். 2017 இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை ஒரு ஹெட்போன் எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்ற அந்த அளவுக்கும் விலைக்கும் தொடர்பு இல்லை என்பதே முடிவு. ஹெட்போன் எப்படி ஒலிக்கிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த அளவுதான். விலை கூடினால் பெட்டி வடிவாக இருக்கலாம், உலோகம் கூடலாம், வசதிகள் கூடலாம். காதுக்கு வரும் ஒலி நல்லதாக இருக்கும் என்று நம்புவதற்கு விலைச்சீட்டு ஒரு ஆதாரம் இல்லை.

என்னிடம் வேறு இரண்டு ஹெட்போன் இருக்கின்றன. ஒன்று சோனி எம்டிஆர்-7506. 1991 இல் வந்த மொடல், இன்றைக்கும் விற்கிறார்கள். ரேடியோ நிலையங்களிலும் ஸ்ரூடியோக்களிலும் சுருள் வயரோடு பார்த்திருப்பீர்கள். நான் 2014 இல், படிக்கிற காலத்தில், 150 டொலருக்கு வாங்கினேன். மற்றது சென்ஹைசர் எச்டி 600. 1997 இல் வந்தது. 2018 இல் ஒருவர் பாவித்ததைத்தான் வாங்கினேன்.

விமர்சன வீடியோக்களில் வரும் பாட்டுகளை வைத்து ஹெட்போன் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் காதுக்கு நன்றாகத் தெரிந்த சத்தத்தைப் போட்டுப் பாருங்கள். நான் போடுவது தம்புரா சுருதி, நாதஸ்வரமும் தவிலும், பிறகு இளையராஜாவின் 1986 ஆம் ஆண்டு வந்த "ஹவ் டு நேம் இட்". தம்புராவில் ஒரு தந்தியைத் தொட்டால் அதற்குள்ளிருந்து பல சுருதிகள் மேலே எழும்பும். நல்ல ஹெட்போனில் அவை தனித்தனியாகக் கேட்கும், கூடாததில் ஒரே இரைச்சலாகக் கேட்கும்.

7506 உயர்ந்த சுருதிகளைக் கொஞ்சம் தூக்கித் தரும். பிழைகளைப் பிடிக்க நல்லது, ஆனால் நாதஸ்வரம் அரை மணித்தியாலத்தில் காதைக் குத்தத் தொடங்கும். எச்டி 600 குரலுக்கும் வயலினுக்கும் நான் கேட்டதில் மிகச் சிறந்தது. பாடகர் மூச்செடுக்கும் இடம் தெரியும். ஆனால் மிகத் தாழ்ந்த பேஸ் அதில் குறைவு, குத்துப் பாட்டில் நெஞ்சில் அடிக்கிற அடி வராது. 300 ஓம் மின்தடை உள்ளதால் போனில் நேராகக் குத்தினால் சத்தம் போதாது, சின்ன அம்ப் ஒன்று வேண்டும். பின்பக்கம் திறந்த அமைப்பு. உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், பஸ்ஸின் சத்தம் உங்களுக்கும் கேட்கும்.

உடைந்த வயர்லெஸ்ஸின் சத்தம்? நல்லாத்தான் இருந்தது. பேஸ் தாராளம். ஆனால் அமைதியான அறையில் வைத்துக் கேட்டால், அதன் மூன்றில் ஒரு பங்கு விலையான 7506 ஐ விட நுணுக்கமாக இருந்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

இனி கணக்கு

வயர்லெஸ்: 508 டொலர் 50 சதம், மூன்று வருடம். வருடத்துக்கு 169 டொலர் 50 சதம்.

7506: வரியோடு 169 டொலர் 50 சதம். ஆம், மற்றதன் ஒரு வருடச் செலவு இதன் முழு விலை. பதினொரு வருடத்தில் காதுப் பஞ்சை இரண்டு முறை மாற்றினேன், தடவைக்கு 25 டொலர். ஒருமுறை என் கதிரைச் சில்லு வயரில் ஏறி அறுத்தது. மாமா ஈயம் வைத்துப் பற்றினார், கூலி ஒரு பிளேன் ரீ. மொத்தம் 219 டொலர் 50 சதம். வருடத்துக்கு இருபது டொலர்.

எச்டி 600 இன் வயரைக் கையால் இழுத்துக் கழற்றலாம். காதுப் பஞ்சு, தலைப் பஞ்சு எல்லாம் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும். இருபது வருடத்துக்கு மேல் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் அதன் பலம் மட்டும் இல்லை. தேய்கிற பகுதிகள் தேயும் என்று முதலே ஒத்துக்கொண்டு செய்த சாமான் அது.

எல்லாப் பழியையும் பற்றரியில் போடுகிறவர்களுக்கு ஒரு திருத்தம். லித்தியம்-அயன் பற்றரி சுமார் 500 முழுச் சார்ஜ்களில் தெளிவாகப் பலம் குறையத் தொடங்கும். தலையில் போடும் பெரிய ஹெட்போன் ஒரு சார்ஜில் 30 மணித்தியாலம் ஓடினால், 500 சார்ஜ் என்பது 15,000 மணித்தியாலம். ஒரு நாளுக்கு நாலு மணித்தியாலம் கேட்டால் பத்து வருடம். பாவிக்காமல் வைத்தாலும் வயது போகப் போகப் பற்றரி தேயும் என்றாலும், பெரிய ஹெட்போனில் முதலில் போவது பெரும்பாலும் பிணைச்சலும் பஞ்சும்தான். சின்ன இயர்பட்ஸ் வேறு கதை. ஒரு சார்ஜில் ஆறு மணித்தியாலம் ஓடுவதில் தினமும் ஆறு மணித்தியாலம் கேட்டால், தினமும் ஒரு முழுச் சார்ஜ் போகும். ஒன்றரை வருடத்தில் 500 முடிந்துவிடும். அதனால்தான் உங்கள் இயர்பட்ஸ் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கி, யூனிவர்சிற்றி இரண்டாம் வருடத்தில் ஒரு காதில் மட்டும் பாடுகிறது.

அப்படியென்றால் ரிரிசியில் என்ன போடுவது?

"அண்ணா, வயர் ஹெட்போனோடயா பஸ்ஸில போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஸ்காபரோ ஆர்ரி 2023 ஜூலையில் தடம் புரண்டு மூடிய பிறகு, நான் கென்னடிக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து சப்வே எடுத்து, புளூர்-யங்கில் மாறி டவுண்டவுன் போகிறேன். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். வாரம் பத்து மணித்தியாலம். சுரங்கத்தில் ரெயில் வளைவில் கீச்சிடும்போது பாட்டுக் கேட்கவேண்டும் என்றால் வொலியூமைக் கூட்டத்தான் மனம் வரும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 இல் 20 மணித்தியாலம், 86 இல் 10. அதாவது 86 டெசிபெல்லில் கேட்டால் என்னுடைய முழு வாரப் பங்கும் பயணத்திலேயே முடிந்துவிடும்.

இங்கேதான் சத்தம் தடுக்கும் வசதிக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். 1978 இல் சூரிச்சிலிருந்து பொஸ்ரனுக்குப் பறந்த விமானத்தில், இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் எரிச்சல்பட்ட அமர் போஸ் அந்த இருக்கையிலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவரும் எங்களைப் போல இரண்டாம் தலைமுறைதான். அப்பா வெள்ளையரை எதிர்த்து, வங்காளத்திலிருந்து தப்பி அமெரிக்கா போனவர். மகன் பள்ளிக்கூட வயதில் ரேடியோ திருத்திச் சம்பாதித்தவர். அந்தத் தொழில்நுட்பம் ரெயிலின் தாழ்ந்த உறுமலை நன்றாகக் குறைக்கும், கீச்சலையும் பேச்சையும் அவ்வளவு குறைக்காது. உறுமல் குறைந்தால் வொலியூமும் குறையும். அது உண்மையான பயன்.

ஆகவே பயணத்துக்கு வயர்லெஸ் வாங்குங்கள். ஆனால் அதற்குள் "உயர்ந்த ஒலி" தேடி அறுநூறு டொலர் கொடுக்காதீர்கள். சப்வேயில் அந்த நுணுக்கம் கேட்கப் போவதில்லை. போன வருட மொடல் போதும். வீட்டுக்கு ஒரு நல்ல வயர் ஹெட்போன். இரண்டையும் சேர்த்தாலும் நான் அன்று கொடுத்ததை விடக் குறையலாம்.

கடையில் நின்று நான் இப்போது கேட்பது மூன்று கேள்வி. காதுப் பஞ்சு தனியாகக் கிடைக்குமா? பற்றரி செத்தால் வயரில் வேலை செய்யுமா? பிணைச்சலில் ஸ்குரூ தெரிகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால், எவ்வளவு நல்லாப் பாடினாலும் வைத்துவிட்டு வருகிறேன்.

இது எங்கள் பொக்கெற்றோடு முடிகிற விஷயமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2027 பெப்ரவரியிலிருந்து இப்படியான சாமான்களின் பற்றரியைப் பெரும்பாலும் பாவிப்பவரே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கியூபெக் 2023 இல் திருத்தும் உரிமைக்குச் சட்டம் போட்டது. ஒன்ராறியோவில் 2019 இல் அப்படி ஒரு சட்டமூலம் வந்து தோற்றது. தேர்தல் காலத்தில் எங்கள் தமிழ் வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் இதையும் ஒருமுறை கேளுங்கள்.

என் அப்பா இருபது வருடம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். காதுக்கு ஒன்றும் போடாமல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். இன்றைக்கு ரீவியின் வொலியூம் நாற்பதில் நிற்கிறது. பேரப்பிள்ளை கதைத்தால் அரைவாசி விளங்காது, விளங்கின மாதிரிச் சிரிப்பார். உட்காதில் உள்ள மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. பஞ்சு 25 டொலர், வயர் ஒரு பிளேன் ரீ. காதுக்கு மாற்றுப் பாகம் விற்கிற கடை கனடாவிலும் இல்லை.

உடைந்த ஹெட்போன் இன்னும் மாமாவின் மேசையில் இருக்கிறது. போன கிழமை போனபோது, பிணைச்சலில் ஒரு சைக்கிள் கம்பித் துண்டை வளைத்துக் கட்டியிருந்தார். வடிவில்லை. ஆனால் பாடுகிறது.