சாம்பலை அள்ளுபவர் யார்?

பின்லாந்துக்குச் சென்று திரும்புகிறவர்கள் தமிழில் எழுதும் பயணக் கட்டுரைகளில் சவுனாவுக்கென்று ஒரு பத்தி தவறாமல் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பத்தியின் இலக்கணமும் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. முதலில் ஆடையின்மை குறித்த கூச்சம். அடுத்து எண்பது பாகை வெம்மை தரும் திகைப்பு. பின்னர் குளிர்ந்த ஏரிக்குள் பாய்தல். இறுதியில் உடலும் உள்ளமும் புதிதாய்ப் பிறந்தது போன்ற உணர்வு. எழுதுபவர் மாறுவார், பத்தி மாறாது. நாம் படித்தவரையில், இவற்றில் ஒன்றில்கூட அந்தச் சவுனாவின் அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளும் கை தென்படவில்லை.

இதை ஒரு சிறு விடுபடல் என்று ஒதுக்கிவிட இயலாது என்பதே நமது கட்சி. தோட்டத்தின் மூலையில் நிற்கும் மரச் சவுனா என்பது ஒரு கட்டடம் அன்று. அது இடைவிடாமல் செய்யப்படுகிற ஒரு வேலை. வேலையை நீக்கிவிட்டு அனுபவத்தை மட்டும் எழுதுகிறவர் பண்பாட்டை எழுதவில்லை. விருந்தாளியின் வயிற்றை எழுதுகிறார்.

இதே பிழையை வணிகம் வேறு முகத்துடன் செய்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பீப்பாய் வடிவச் சவுனாக்கள் தோட்ட அலங்காரமாக விற்கப்படுகின்றன. விளம்பரங்களில் மீண்டும் மீண்டும் வருகிற வாக்குறுதி, 'பராமரிப்பு ஏறக்குறையத் தேவையில்லை' என்பது. பயணக் கட்டுரையாளர் அறியாமல் மறைப்பதை விளம்பரக்காரர் அறிந்தே மறைக்கிறார். இருவரும் சேர்ந்து வாசகருக்குக் காட்டுவது, தானே முளைத்துத் தானே சூடாகும் ஒரு மரப்பெட்டியை.

உண்மையில் அங்கே என்னதான் நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். நமது வாதத்தின் வலு விவரங்களில்தான் இருக்கிறது.

சவுனாவின் மையம் அதன் அடுப்பு. அதைக் 'கியுவாஸ்' என்கிறார்கள். அதன்மேல் அடுக்கப்பட்ட கற்களில் நீரை வார்க்கும்போது எழும் ஆவிக்கு 'லோய்லு' என்று பெயர். இந்தச் சொல்லின் பழைய பொருள் உயிர், மூச்சு என்பதாகும். ஹங்கேரிய மொழியில் ஆன்மாவைக் குறிக்கும் 'லேலெக்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரினவை. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள நம் போன்றோர் இந்த இடத்தில் மெய்சிலிர்த்து நின்றுவிடுவது வழக்கம். ஆனால் அந்த உயிர் குடியிருப்பது கற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில். கொதிக்கும் கல்லின்மீது குளிர்ந்த நீர் விழும்தோறும் கல் நுண்ணிதாய் விரிசலுறுகிறது. நாளடைவில் உதிர்ந்து மணலாகிறது. அந்த மணலும் சில்லும் இடைவெளிகளை அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் நின்றுவிடும். அடுப்பு அளவுக்கு மீறிக் காயும். கற்களோ போதுமான சூடேறாமல் கிடக்கும். மின்னடுப்பாயின் வெப்பக் கம்பிகளே கெட்டுப்போகும். எனவே தவறாது பயன்படுத்தப்படும் சவுனாவில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கற்கள் அனைத்தையும் எடுத்து வெளியே வைத்து, நொறுங்கியவற்றைக் கழித்து, பெரியவற்றை அடியிலும் சிறியவற்றை மேலுமாக, நெருக்கிவிடாமல் திரும்ப அடுக்குகிறார்கள். எந்தக் கல்லும் ஆகாது; பெரிடோடைட், ஆலிவின் டயாபேஸ் போன்ற, சூட்டையும் குளிர்ச்சியையும் மாறிமாறித் தாங்கும் கற்களே வேண்டும். ஆற்றங்கரையில் அழகாய்க் கிடந்ததென்று பொறுக்கி வந்த கூழாங்கல் உள்ளே ஈரத்தைப் பொதிந்து வைத்திருந்தால் சூட்டில் வெடிக்கும். லோய்லுவின் சொற்பிறப்பைச் சொல்பவர்கள் இந்தக் கற்களை அடுக்கும் அரைநாள் வேலையையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அந்தச் சொல்லின் பொருள் இன்னும் சற்று ஆழமாக இறங்கியிருக்கும்.

அடுத்து மரம். உள்ளே உட்காரும் படிப்பலகைகளுக்கு ஆஸ்பென், ஆல்டர் போன்ற மரங்களைத் தேர்கிறார்கள். அவை அடர்த்தி குறைந்தவை, பிசின் கசியாதவை. ஆதலால் எண்பது, தொண்ணூறு பாகையிலும் தோலைச் சுடுவதில்லை. ஆணித்தலைகள் மேலே தெரியாதபடி அடியிலிருந்து முடுக்குகிறார்கள், உலோகம் சுடும் என்பதால். இந்தப் பலகைகளை வியர்வை கறுக்கச் செய்யும். அதற்கு மருந்து எளியது: அமரும்போது கீழே ஒரு துணி; அவ்வப்போது மென்மையான சோப்பு நீரும் தூரிகையும்; கறை ஆழமாக இறங்கிவிட்டால் மணல்தாள்; வேண்டுமானால் அதற்கென்றே உள்ள பாரஃபின் எண்ணெய் ஒரு பூச்சு. இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்பதை ஏற்க முடியாதவர்கள்தாம் மரத்தைக் கெடுக்கிறார்கள். மரம் என்றால் வார்னிஷ் என்பது பலருக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. சவுனாவின் உட்புறத்தில் வார்னிஷ் பூசினால், சூட்டில் அது நாறும், ஒட்டும், உட்கார்ந்தவரைச் சுடும். மரம் ஈரத்தை வாங்கி வெளியிடும் வழியை அடைத்துவிடும். வெளிப்புறச் சுவருக்கும் இதே விதி. பின்லாந்தின் பழைய மரக் கட்டடங்களுக்குச் செந்நிறம் தருவது 'புனமுல்தா' என்னும் செம்மண் பூச்சு. இரும்பு ஆக்சைடு நிறமி, ரை தானியத்தின் மாவு, இரும்பு சல்பேட், நீர் ஆகியவற்றைக் காய்ச்சி எடுப்பது. அது மரத்தின் மூச்சை நிறுத்தாது. பாளம் பாளமாய் உரியாது. வெளிறினால் துடைப்பத்தால் தேய்த்துவிட்டு மேலே இன்னொரு கை பூசிவிடலாம். அதன்மேல் 'நிரந்தர'ப் பாதுகாப்பு தருவதாய்ச் சொல்லும் நெகிழிச் சாயத்தைப் பூசினால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மரத்தைப் பின்புறத்திலிருந்து அழுகச் செய்யும். நிரந்தரம் என்று விற்கப்படுவது பெரும்பாலும், அழுகலைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் ஏற்பாடுதான்.

ஆகவே நாம் பேசுவது வெறும் உழைப்பை அன்று; அறிவை. எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பதும் தெரிந்த அறிவு. மரம் சாம்பல் நிறமாவது முதுமை, நோயன்று. மரம் மெத்தென்றாவதுதான் நோய். அதைக் கண்டறியக் கண் போதாது. நிலத்துக்கு மிக அருகிலுள்ள அடிக்கட்டையில் ஒரு குத்தூசியை ஊன்றிப் பார்க்க வேண்டும். எளிதில் இறங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. அடிக்கட்டை அழுகாதிருக்க வேண்டுமானால் கட்டடம் கல்லின்மேல் உயர்ந்து நிற்க வேண்டும், இறவாரம் நீண்டிருக்க வேண்டும், சுற்றிலும் புல் வளரவிடக் கூடாது, விறகைச் சுவரோடு சார்த்தி அடுக்கக் கூடாது. அவ்வளவையும் மீறி அழுகிவிட்டால் சுவரை முட்டுக்கொடுத்துத் தூக்கி, அந்த ஒரு கட்டையை மட்டும் மாற்றுகிறார்கள். முழுக் கட்டடத்தையும் எறிந்துவிடாமல் ஒரு கட்டையை மாற்றத் தெரிந்த சமூகத்தைத்தான் நாம் மரபுள்ள சமூகம் என்போம்.

இந்த வேலைகளுள் நம்மை மிகவும் கவர்வது, குளியல் முடிந்த பிறகு நடப்பது. கடைசியாக வெளியேறுபவருக்கு ஒரு கடமை இருக்கிறது. அவர் அடுப்பில் இரண்டு விறகை இட்டு, காற்றுத் துளைகளைத் திறந்து, வாளியைக் கவிழ்த்து, தரையைப் பெருக்கி, உதிர்ந்த பிர்ச் இலைகளை அள்ளிவிட்டு வருகிறார். எஞ்சிய சூடு அந்த அறையை உலர்த்திவிடும். குளிர்காலமானால் தொட்டியிலும் குழாயிலும் நீர் நிற்காதபடி வடித்துவிட வேண்டும். மறந்தால் உறைந்து விரிந்து பிளந்துவிடும். பயணக் கட்டுரையாளர் அந்நேரம் ஏரிக்கரையில் நின்று தம் புத்துணர்வைக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

சாம்பலுக்கு வருவோம். தட்டு நிரம்பினால் கீழிருந்து காற்று ஏறாது. எனவே நிரம்பும் முன்பே அள்ள வேண்டும். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியிலிட்டு, மரச் சுவர்களுக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும். குளிர்ந்துவிட்டதென்று அட்டைப்பெட்டியில் கொட்டியவர்கள் வீட்டை இழந்திருக்கிறார்கள். விறகு உலராதிருந்தால் புகைபோக்கியில் தார் படியும். அந்தத் தார் ஒருநாள் தானே பற்றும். அதனால்தான் வசந்தத்தில் பிளந்த விறகைக் கோடை முழுதும் காயவிடுகிறார்கள். புகைபோக்கியைக் கூட்ட அதற்கென்றே பயின்ற தொழிலாளரை அழைக்கிறார்கள். பின்லாந்தின் இலக்கியத்துக்கும் இந்த அச்சம் தெரியும். அலெக்சிஸ் கிவி 1870இல் வெளியிட்ட 'ஏழு சகோதரர்கள்' நாவலில், காட்டுக்குள் தாங்களே கட்டிய குடிலைச் சகோதரர்கள் கிறிஸ்துமஸ் இரவில், ஆவிக் குளியலும் குடியும் கும்மாளமுமாய் இருந்த வேளையில், தீக்கு இரையாக்கிவிட்டுப் பனியில் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். அந்நாட்டு மொழியின் முதல் பெரும் நாவல் நெருப்பைப் பேணத் தெரியாதவர்களின் கதையாகவும் இருப்பதைக் குறிப்பாகக் கொள்ளலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 'வேலை செய்யாதவர்களே வேலையைப் புகழ்வார்கள். பராமரிப்பு என்பது சலிப்பூட்டும் உடலுழைப்பு. அதைப் பண்பாடு என்று அலங்கரிப்பது பேராசிரியர்களின் சொகுசு.' இந்த மறுப்பை நாம் மதிக்கிறோம். பழைய பின்லாந்தில் நீர் சுமந்ததும் சவுனாவைக் கழுவியதும் பெரும்பாலும் பெண்களே. அதே சவுனாவில்தான் அவர்கள் குழந்தை பெற்றார்கள், இறந்தோரைக் கழுவினார்கள். அந்தச் சுமையை நாம் கவிதையாக்க விரும்பவில்லை. மின்னடுப்பும் குழாய்நீரும் வந்தது நல்லதே. புகைபோக்கி இல்லாத பழைய புகைச் சவுனாக்கள் எத்தனையோ எரிந்து போயின. புகைபோக்கியைக் கண்டு மனம் வருந்துவது அபத்தம்.

ஆனால் 'பராமரிப்பு தேவையில்லை' என்ற வாக்குறுதி உழைப்பை ஒழிப்பதில்லை என்பதை அந்த மறுப்பாளர்கள் கவனிக்க வேண்டும். அது உழைப்பை இடம் மாற்றுகிறது. விடுதிச் சவுனாவின் பலகையை யாரோ ஒருவர் குறைந்த கூலிக்கு, விருந்தினர் கண்ணில் படாத நேரத்தில் தேய்க்கிறார். தோட்டத்துப் பீப்பாயின் எஃகுப் பட்டைகளை, மரம் சுருங்கியும் உப்பியும் அசைவதற்கேற்ப யாரும் முடுக்காமல் விட்டால், பலகைகள் இடைவெளி விட்டு, ஒழுகி, அழுகி, சில ஆண்டுகளில் குப்பைக்குப் போகின்றன. வேறொரு காட்டின் மரம் வெட்டப்படுகிறது. பின்லாந்தின் கோடைக் குடில்களிலோ குளிப்பவரும் சாம்பல் அள்ளுபவரும் பெரும்பாலும் ஒருவரே. உழைப்பின் சலிப்புக்கு நியாயமான விடை அதைப் பகிர்ந்துகொள்வது. ஒளித்து வைப்பது அன்று. இன்பத்தை நுகர்பவரும் அதற்கான சாம்பலை அள்ளுபவரும் வெவ்வேறு மனிதர்களாகும்போதுதான் பராமரிப்பு இழிதொழில் ஆகிறது. இதைத் தமிழ் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டைத் தன் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் மரபு அதுவே. ஐம்பத்தைந்து லட்சம் மக்களுக்கு முப்பத்து மூன்று லட்சம் சவுனாக்கள் என்ற கணக்கு எல்லா ஊடகங்களிலும் வியப்போடு மேற்கோளானது. 'அருவ' என்ற சொல்லைத்தான் எவரும் நின்று கவனிக்கவில்லை. பட்டியலில் ஏறியது மரமும் கல்லும் அல்ல, வழக்கம். முப்பத்து மூன்று லட்சம் பெட்டிகள் இருந்தும் கல்லை அடுக்கத் தெரிந்தவர்களும், கடைசியாக வெளியேறும்போது காற்றுத் துளையைத் திறந்து வைப்பவர்களும் அற்றுப்போனால் அங்கே மிஞ்சுவது சூடான அறைகள் மட்டுமே.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இதில் தனியே ஒரு பாடம் உண்டு. ஆக்கியவனைப் பாடுவதும் பேணியவனை மறப்பதும் நமது பழக்கம். ஏட்டை எழுதிய புலவரின் பெயரைத் தேடி ஆய்வேடுகள் எழுதுகிறோம். செல்லரிக்குமுன் அதை மறு ஏட்டில் படியெடுத்து வைத்தவரின் பெயரைத் தேடுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டுக்குப் போகிறவர் அங்கும் ஆவியை மட்டுமே காண்பார், அடுப்பைக் காணமாட்டார்.

எனவே நமது கோரிக்கை எளியது. இனி சவுனா பற்றி எழுத அமர்கிறவர்கள் உடல் சிலிர்த்ததை ஒரு வரியில் முடித்துக்கொள்ளட்டும். மீதி இடத்தில் விறகு எங்கே காய்ந்தது, கற்களை யார் அடுக்கினார், அடிக்கட்டையை எந்த ஆண்டில் மாற்றினார்கள், அன்றிரவு வாளியைக் கவிழ்த்து வைத்தவர் யார் என்று விசாரித்து எழுதட்டும். விசாரிக்க நேரமில்லையெனில், குறைந்தபட்சம் தாம் குளித்த சவுனாவின் சாம்பலையேனும் ஒருமுறை அள்ளிவிட்டு வரட்டும். இரும்பு வாளியில், மூடியோடு.